கடலடி வாசல்: நுழையும் தகுதி யாருக்கு?

"இவனுக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறது. ஆறு, குளம் பக்கம் விடாதீர்கள்" என்று சாதகம் பார்த்தவர் சொல்லிவிட்டால் போதும். பிள்ளையைத் தோட்டத்து ஆற்றங்கரைக்கே அனுப்பாத தாய்மார்கள் நம்மிடையே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி வளர்ந்த பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று என்ன செய்கிறார்கள், பார்த்தீர்களா? நீண்ட விடுமுறை வந்தால் கூட்டாளிகளோடு பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் என்று தீவுகளுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். முதுகில் காற்றுத் தோம்பைக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, மீன்களோடு மீன்களாய்க் கடலுக்குள் இறங்கிவிடுகிறார்கள். சிலர் அந்தத் தீவுகளிலேயே வேலைக்கும் சேர்ந்துவிடுகிறார்கள்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. முறையாகப் பழகி, எல்லைக்குள் நின்று செய்தால் ஸ்கூபா முக்குளிப்பு நல்ல பொழுதுபோக்கு, நல்ல தொழிலும்கூட. ஆனால் அந்தப் பிள்ளைகள் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, அடுத்த முறை ஆழத்தில் ஒரு குகைவழியில் நுழைந்து அந்தப் பக்கம் வரப்போகிறோம்" என்று சொன்னால், அது என்ன, யார் போகலாம், யார் போகக்கூடாது என்று கேட்கப் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அது என்ன வாசல்?

கடலடிப் பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் இயற்கையாகவே துளைகள் உண்டு. சில துளைகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும்படி அமைந்திருக்கும். அவற்றை நாம் 'நுழைவழி' என்று சொல்லிக்கொள்வோம். சில நுழைவழிகள் 10 மீட்டர் ஆழத்தில், அகலமாக, வெளிச்சமாக இருக்கும். மறுபக்கம் கண்ணுக்குத் தெரியும். ஓரளவு பழகியவர்கள் வழிகாட்டியோடு போய் வருவார்கள்.

வேறு சில இருக்கின்றன. அவை ஆழமானவை. உலகத்து முக்குளிப்பவர்கள் அடிக்கடி பேசும் இரண்டை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒன்று மெக்சிகோ நாட்டுக் கொசுமெல் தீவில் இருக்கிறது. 'சாத்தானின் தொண்டை' என்று அதற்குப் பெயர். பவளப் பாறைக்குள் நுழைந்து, ஒருவர் பின் ஒருவராக, இருட்டில் சரிந்து இறங்கி, 35 முதல் 40 மீட்டர் வரையிலான ஆழத்தில் திறந்த கடலுக்கு வெளியே வரவேண்டும். பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்குப் பயிற்சி அமைப்புகள் வகுத்திருக்கும் கடைசி எல்லை 40 மீட்டர். அதாவது இந்தத் தொண்டை நம்மை எல்லைக் கோட்டின் மேலேயே கொண்டுபோய் விடுகிறது.

இன்னொன்று எகிப்து நாட்டில், செங்கடலின் அக்காபா வளைகுடாக் கரையில், டஹாப் என்ற ஊருக்கு அருகே இருக்கிறது. கரையை ஒட்டியே 100 மீட்டர் ஆழமுள்ள ஒரு பெரிய குழி. 'நீலக் குழி' என்பார்கள். குழிக்கும் கடலுக்கும் நடுவே பாறைச் சுவர். அந்தச் சுவரில், ஏறத்தாழ 55 மீட்டர் ஆழத்தில், ஒரு வளைவு வாசல். அதற்குள் 25 மீட்டருக்கு மேல் நீந்தினால் திறந்த கடல்.

வேடிக்கை என்னவென்றால், இதே குழியிலிருந்து கடலுக்குப் போக மேலேயே, 6, 7 மீட்டர் ஆழத்தில், அகலமான இன்னொரு வழி இருக்கிறது. தொடக்கப் பயிற்சி முடித்தவர்கள் அன்றாடம் அதன்மேல் நீந்திப் போய் வருகிறார்கள். இருந்தும் கீழே இருக்கும் வாசலைத் தேடிப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுக் கற்கள் கரைப் பாறையில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் இங்கே இறந்த ஓர் இளைஞர் ஒரே ஒரு தோம்போடு இறங்கி, 90 மீட்டருக்கும் கீழே போய்விட்டார். தம்மோடு அவர் கொண்டுபோன படக்கருவியில் அவருடைய கடைசி நிமிடங்கள் பதிவாகியிருந்தன. அவர் கடலுக்குப் புதியவர் அல்லர், முக்குளிப்பில் பழகியவர்தாம். இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். தெரியாதவன் மட்டும் சாகும் இடமல்ல அது. கொஞ்சம் தெரிந்தவனும் சாகும் இடம்.

ஏன் அப்படி?

ஆழம் தின்னும் காற்று

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். கடல் நீரும் இப்படித்தான் அழுத்துகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், நாம் தரையில் தாங்கிக்கொண்டிருக்கும் அளவு அழுத்தம் இன்னும் ஒரு பங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு பங்கு. 30 மீட்டரில் நான்கு பங்கு. 55 மீட்டரில் ஆறரைப் பங்கு.

அழுத்தம் கூடினால், நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுக்க அதே அளவுக்குக் கூடுதலான காற்று வேண்டும். இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் கொள்ளும் தோம்பில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால் 2,400 லிட்டர் காற்று இருக்கும். ஒருவர் நீரின் மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொண்டால், அது 120 நிமிடத்துக்கு வரும். அதே தோம்பு 10 மீட்டரில் 60 நிமிடம். 30 மீட்டரில் 30 நிமிடம். 55 மீட்டரில் ஏறக்குறைய 18 நிமிடம்தான்! அதுவும் கடைசிச் சொட்டு வரை. இறங்கும்போதும் ஏறும்போதும் செலவாகும் காற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பயத்தில் மூச்சு வாங்கத் தொடங்கினால் இதில் பாதிகூட வராது.

சம்பள நாளில் கையில் இருக்கும் வெள்ளியை எண்ணி, கடைக் கடன், பள்ளிச் செலவு, அரிசி, சீனி என்று பிரித்து வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். வழியிலே கடன் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

குடிக்காமலே மயக்கம்

இரண்டாவது ஆபத்து இன்னும் பொல்லாதது. நாம் மூச்சு விடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். தரையில் அது நம்மை ஒன்றும் செய்வதில்லை. ஆழத்திலோ, 30 மீட்டர் அளவிலிருந்து, அது மூளையைத் தடுமாற வைக்கிறது. சம்சு குடித்தவர் நிலையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கால் தள்ளாடும், கேட்டால், "எனக்கு ஒன்றுமில்லை, நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்" என்பார். அதே கதைதான் ஆழத்திலும். சிலருக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும். சிலருக்குக் காரணமில்லாமல் பயம் வரும். காற்றுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். முள் எங்கே நிற்கிறது என்பது மனத்தில் ஏறாது.

டஹாப் வாசலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வெளிக்கடலின் வெளிச்சம் அந்த வாசல் வழியே நீல நிறமாக உள்ளே பாய்கிறது. அதைப் பார்க்கிறவருக்கு வாசல் மிக அருகில் இருப்பதாகவும், வழி குறுகிய தூரம்தான் என்றும் தோன்றிவிடும். தெளிந்த புத்தி இருந்தால் கடிகாரத்தையும் ஆழமானியையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். புத்தி மயங்கிய இடத்தில் கண் சொல்வதுதான் சட்டம். இன்னும் சிலர் வாசலைக் கவனிக்காமல் தாண்டி, அதைத் தேடிக்கொண்டே கீழே கீழே போய்விடுகிறார்கள்.

அந்த ஆழத்துக்கும் கீழே போனால், உயிர் கொடுக்கும் பிராணவாயுவே நஞ்சாகத் தொடங்கும். வலிப்பு வரும். நீருக்குள் வலிப்பு வந்து வாயிலிருக்கும் குழாய் நழுவினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நைட்ரஜனைக் குறைத்துப் பிராணவாயுவைக் கூட்டி அடைத்த தோம்புகளும் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் அவை நல்லவை. அதே தோம்போடு 55 மீட்டருக்குப் போவது தற்கொலைக்குச் சமம். தோம்பில் இருக்கும் காற்று எது, அது எத்தனை மீட்டருக்கு ஆகும் என்று பார்க்கத் தெரியாதவர் ஆழத்துக்கே போகக்கூடாது.

அவசரமாக மேலே வர முடியாது

"கஷ்டம் என்றால் மேலே வந்துவிட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆழத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து நிற்கிறது. சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குவது போல, வேகமாக மேலே வந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழியாகப் பொங்கும். மூட்டு வலி, மரத்துப்போதல், முடக்கம், சில சமயம் மரணம். அதனால் மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும். இடையிடையே நின்று வர வேண்டும். நிற்பதற்கும் காற்று வேண்டும். இந்த நோய் கண்டவர்களை அழுத்த அறையில் வைத்து வைத்தியம் பார்ப்பார்கள். நம் நாட்டில் லூமுட் ஆயுதப்படை மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறது. தீவில் கிடப்பவரை அங்கே கொண்டு சேர்க்க எத்தனை மணி நேரமாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

நுழைவழிக்குள் இருப்பவருக்கோ மேலே வருவது என்ற பேச்சே இல்லை. தலைக்கு மேலே பாறை. முன்னே போக வேண்டும், அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும். குறுகிய வழியில் முன்னால் போகிறவர் பயந்து நின்றுவிட்டால் பின்னால் வருகிறவருக்கும் வழியில்லை. கால் துடுப்பால் ஒரு தடவை தவறாக உதைத்தால், செம்மண் சடக்கில் லோரி போன பிறகு எழும் புழுதி போல, அடியில் கிடக்கும் வண்டல் எழும்பிவிடும். கையை நீட்டினால் கை தெரியாது.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சபாவில், செம்போர்னாவுக்கு அப்பால், சிப்பாடான் தீவு இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் தீவின் சுவரில், நீருக்கு அடியில் ஒரு சுண்ணாம்புப் பாறைக் குகை உண்டு. அதன் உள்ளே ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. வழி தெரியாமல் உள்ளே போய், மூச்சு விட மேலே வர இடமின்றி இறந்துபோன ஆமைகள்! நீச்சலில் ஆமையை மிஞ்ச மனிதனால் ஆகுமா? பிறவியிலேயே கடலை அறிந்த ஆமைக்கே திரும்பும் வழி தெரியாமல் போயிற்று. நீந்தத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் அந்த எலும்புகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

சரி, தகுதிக்கு வருவோம். பரவலாக நடைமுறையிலுள்ள பயிற்சி முறை இதுதான். முதல் நிலைப் பயிற்சியில் பாடம், நீச்சல் குளத்துப் பழக்கம், பிறகு கடலில் நான்கு முழுக்கு. தேறியவர் 18 மீட்டர் வரை போகலாம். இரண்டாம் நிலையில் மேலும் ஐந்து முழுக்கு. 30 மீட்டர் வரை போகலாம். ஆழத்துக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர் 40 மீட்டர் வரை போகலாம். அதற்கும் கீழே போவது பொழுதுபோக்கு முக்குளிப்பில் சேராது. அதற்குத் தனிக் கல்வி, இரட்டைத் தோம்பு, ஹீலியம் கலந்த காற்று, ஏறும்போது நிற்பதற்கான கணக்கு எல்லாம் வேண்டும்.

இரண்டாம் நிலைச் சான்றிதழில் 'மேல்நிலை' என்று அச்சிட்டிருக்கும். கூட்டிப் பாருங்கள். நான்கும் ஐந்தும் ஒன்பது. மொத்தம் ஒன்பதே முழுக்கு போட்டவர் கையிலும் அந்தச் சான்றிதழ் இருக்கலாம்! அதைக் காட்டினால் சில இடங்களில் படகில் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் சான்றிதழ் சொல்வது, 'இவர் இதைக் கற்றுக்கொண்டார்' என்பது மட்டுமே. 'இவருக்கு இது பழகிவிட்டது' என்று அது சொல்லவில்லை.

இந்த வித்தியாசம் நமக்குப் புதிதா என்ன? பால் வெட்டப் பழகுகிறவருக்கு முதல் நாளே இளமரத்து நிரையைக் கொடுப்பார்களா? வெட்டிச் சாய்க்கப்போகும் கிழட்டு மரங்களைத்தான் காட்டுவார்கள். உளியைப் பிடிக்கும் விதத்தை ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பட்டையை எத்தனை மெலிதாகச் சீவினால் பால் வரும், எவ்வளவு ஆழம் போனால் மரத்தில் காயம் பட்டுவிடும் என்பது கைக்குத் தெரிய மாதங்கள் ஆகும். காயம் பட்ட மரம் முண்டு முடிச்சாகிப் போகும். அது மரம், பிழைத்துக்கொள்ளும். கடலில் அந்தக் காயம் படுவது மனித உயிருக்கு.

அதனால்தான் கொசுமெல் தீவில் பொறுப்புள்ள வழிகாட்டிகள், சான்றிதழைப் பார்த்த கையோடு யாரையும் சாத்தானின் தொண்டைக்குக் கூட்டிப்போவதில்லை. முதலில் ஆழமில்லாத இடத்தில் ஒன்றிரண்டு முழுக்கு கூட்டிப்போய், பக்கத்தில் நீந்திக்கொண்டே ஆளை அளப்பார்கள். கையை வீசாமல், ஏறாமல் இறங்காமல், ஒரே மட்டத்தில் மிதந்து நிற்கிறாரா? துடுப்பால் மணலைக் கிளப்பாமல் நீந்துகிறாரா? காற்றுக் கடிகாரத்தைச் சொல்லாமலே பார்க்கிறாரா? முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றுகிறாரா? மற்றவர்களைவிடக் காற்றைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறாரா? இவற்றில் ஒன்று குறைந்தாலும், "இந்த முறை வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். எத்தனை முழுக்கு என்ற எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். இந்தச் சோதனை எங்கேயும் மாறாது.

எதில் அனுபவம்?

இன்னொன்றும் உண்டு. "எத்தனை வருட அனுபவம்?" என்று மட்டும் கேட்டால் போதாது, "எதில் அனுபவம்?" என்று கேட்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். தாய்லாந்துக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் உயிரைத் துச்சமாக மதித்து உழைத்தார்கள். முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான், குகைக்குள் காற்றுத் தோம்புகளை வைத்துவிட்டுத் திரும்பும்போது உயிர் துறந்தார். அந்தச் சிறுவர்களை ஜூலை 2ஆம் நாள் கண்டுபிடித்தவர்கள் ரிக் ஸ்டான்டன், ஜான் வோலாந்தன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். அவர்கள் இராணுவத்தார் அல்லர். பொழுதுபோக்காகவே பல ஆண்டுகள் குளிர்ந்த, கலங்கிய, குறுகிய குகை நீரில் முக்குளித்துப் பழகியவர்கள். வீரத்தில் யாருக்கும் யாரும் குறைந்தவர் இல்லை. ஆனால் திறந்த கடலில் பெற்ற பழக்கம் வேறு. தலைக்கு மேல் பாறை இருக்கும் நீரில் பெற்ற பழக்கம் வேறு.

குகை முக்குளிப்புக்கு விதி எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கணித ஆசிரியர் ஷெக் எக்ஸ்லி. குகைகளில் நேர்ந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1979ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் கண்ட காரணங்கள் எளிமையானவை. வாசலிலிருந்து தொடர்ச்சியாக வழிகாட்டிக் கயிறு கட்டாமல் போனார்கள். திரும்பி வரப் போதுமான காற்றை மிச்சம் வைக்காமல் போனார்கள். அளவுக்கு மீறிய ஆழத்துக்குப் போனார்கள். மூன்றில் ஒரு பங்கு காற்று உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்பது குகை முக்குளிப்பவர்களின் அடிப்படை விதி. நாம் முன்னே போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்கு 800 லிட்டர். 55 மீட்டர் ஆழத்தில் அது ஆறே நிமிடம். ஒற்றைத் தோம்போடு டஹாப் வாசலுக்குப் போகிறவர் எந்தக் கணக்கை நம்பிப் போகிறார்?

விதி எழுதிய அதே எக்ஸ்லி, 1994ஆம் ஆண்டில் மெக்சிகோவில் 300 மீட்டருக்கும் கீழே போக முயன்றபோது இறந்தார். அவர் எழுதிய விதிகள் பொய்யாகிவிடவில்லை. அவற்றால் இன்றும் பலர் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆழத்துக்கு ஆசிரியர், மாணவர் என்ற பாகுபாடு கிடையாது. அவ்வளவுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் வீட்டுப் பிள்ளை ஆழமான நுழைவழிக்குப் போகப் புறப்பட்டால், அதட்டித் தடுப்பதைவிட உட்கார வைத்துக் கேளுங்கள். அதட்டினால் சொல்லாமல் போய்விடுவார்கள். கேள்வி கேட்டால் யோசிப்பார்கள்.

1. அந்த வழியின் ஆழம் எத்தனை மீட்டர்? உன் சான்றிதழ் எத்தனை மீட்டருக்கு?

2. இதுவரை எத்தனை முழுக்கு போட்டிருக்கிறாய்? அவற்றில் 30 மீட்டரைத் தொட்டவை எத்தனை? முழுக்குப் பதிவேட்டைக் காட்டு.

3. கடைசியாக எப்போது முக்குளித்தாய்? (பல மாதங்கள் ஆகியிருந்தால், முதலில் ஆழமில்லாத இடத்தில் மறுபழக்கம் வேண்டும்.)

4. தலைக்கு மேல் பாறை இருக்கும் இடத்தில் இதற்கு முன் போயிருக்கிறாயா? ஆழமில்லாத, வெளிச்சமான இடத்தில் முதலில் பழகினாயா?

5. எவ்வளவு காற்று மிச்சம் இருக்கும்போது திரும்புவாய்? அந்தக் கணக்கைப் போட்டது நீயா, வழிகாட்டியா?

6. உன் துணையாள் யார்? அவரோடு இதற்கு முன் முக்குளித்திருக்கிறாயா?

7. ஆஸ்துமா, காதுக் கோளாறு, வலிப்பு, நெஞ்சு நோய் ஏதும் உண்டா? மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதினாயா? சளிக் காய்ச்சலோடு இறங்குகிறாயா?

8. முக்குளித்த மறுநாளே விமானம் ஏறுகிறாயா? (குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24 மணி நேரம் தரையில் இருக்க வேண்டும்.)

இவற்றில் ஆறாவது கேள்வியை அலட்சியமாக எண்ணிவிடாதீர்கள். முத்துக் குளிப்பவன் கடலில் இறங்கும்போது மேலே கயிற்றைப் பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் அல்லவா தொங்குகிறது! ஸ்கூபாவிலும் தனியாக இறங்கக்கூடாது என்பது பாலபாடம். காற்று தீர்ந்தால் தன் குழாயில் பங்கு கொடுப்பவர் துணையாள். நேற்றுப் படகில் அறிமுகமானவரை நம்பி 40 மீட்டருக்குப் போகலாமா?

'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு

கடைசியாக ஒன்று. இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான தகுதி என்று சொல்வேன்.

"நான் இருக்கிறேன், பயப்படாமல் வா" என்று வழிகாட்டி சொல்வார். "எல்லாரும் போகிறோம், நீ மட்டும் நின்றுவிடாதே" என்று கூட்டாளிகள் சொல்வார்கள். இரண்டு பேச்சும் அன்பாகத்தான் இருக்கும். ஆனால் வழிகாட்டியின் அனுபவம் வழிகாட்டிக்கு. 50 மீட்டரில் உன் புத்தி மயங்கும்போது அவருடைய புத்தி உனக்குள் வந்து வேலை செய்யாது.

நம் சமூகத்தில் பிள்ளைகளை அடக்கமாக வளர்த்திருக்கிறோம். தண்டல் சொன்னால் மறுக்கக்கூடாது. ஐயா சொன்னால் எதிர்ப்பேச்சு கூடாது. பெரியவர் கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும். பணிவு நல்ல குணம்தான். ஆனால் உயிர் போகும் இடத்தில், "எனக்கு இது வராது, நான் வரவில்லை" என்று சொல்லவும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தோமா? காசு கட்டியாகிவிட்டதே, சிரிப்பார்களே, கோழை என்பார்களே என்ற கூச்சத்தில்தான் பல கால்கள் தண்ணீரில் இறங்குகின்றன.

குகை முக்குளிப்பவர்களிடையே ஓர் அருமையான விதி இருக்கிறது. குழுவில் யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், "போதும், திரும்புவோம்" என்று சொல்லலாம். மற்றவர்கள் ஏன் என்று கேட்கக்கூடாது, முகம் சுளிக்கக்கூடாது, உடனே திரும்பிவிட வேண்டும். மிகவும் கைதேர்ந்தவர்கள் கூடித் தங்களுக்கே வைத்துக்கொண்ட விதி இது. திரும்பத் தெரியாதவரை அவர்கள் தங்கள் கூட்டத்தில் சேர்ப்பதே இல்லை.

தரையில் நாம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் "பேஷ், நன்றாயிருக்கிறது" என்று பொருள். நீருக்கடியில் அதற்குப் பொருள் வேறு. "இத்துடன் போதும், மேலே போவோம்" என்று பொருள். உங்கள் பிள்ளைகள் கடலுக்குப் புறப்படும்போது மற்ற எல்லாவற்றோடும் அந்த ஒரு சைகையையும் நினைவூட்டி அனுப்புங்கள். "கட்டைவிரலைத் தூக்கிவிட்டு நீ திரும்பி வந்தால் இந்த வீட்டில் உன்னை யாரும் சிரிக்கமாட்டோம்" என்று வாய்விட்டே சொல்லி அனுப்புங்கள்.

கடலடி வாசல் எங்கும் போய்விடாது. இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம், முறையாகப் பழகிக்கொண்டு போகலாம். போகாமலே இருந்தாலும் குறையொன்றுமில்லை.